பின்னால் இருப்பவரின் ஹக்

கரைத்தீவில் மோட்டார் சைக்கிளுக்குச் சீற் அடிப்பவன் என்று என்னைச் சொல்வார்கள். கிழிந்த ரெக்சினை மாற்றிக் கொடுப்பதும் என் தொழில்தான். ஆனால் நான் விரும்பிச் செய்வது, ஆளின் உயரமும் நிறையும் பார்த்து ஸ்பொஞ்சை வெட்டி, ஒட்டி, தேய்த்து அவருக்கென்றே ஒரு சீற் அமைத்துக் கொடுப்பது. இதில் மார்க்கம் எங்கே வருகிறது என்று கேட்டால், ரெக்சினுக்குக் கீழே என்பேன்.

தைத்து மூடிவிட்டால் உள்ளே இருப்பதை எவரும் பார்ப்பதில்லை. வாடிக்கையாளர் பெருவிரலால் அமுக்கிப் பார்ப்பார். மெத்தென்று இறங்கினால் முகம் மலரும். அந்தச் சோதனையில் மலிவான ஸ்பொஞ்சே எப்போதும் வெல்லும். அது சில மாதங்களில் அமுங்கிப்போய், இடுப்பெலும்பு அடித்தட்டில் முட்டத் தொடங்கும். மென்மை வேறு, அடர்த்தி வேறு. அமெரிக்காவில் மைக் கோர்பின் என்பவர் தொடங்கிய சீற் கம்பெனி கெட்டியான இருக்கைகளுக்கே பெயர்போனது. முதல் நாள் அமர்பவர் முகம் சுளிப்பார். நெடுந்தூரம் போய் வந்தவர் மெச்சுவார். அந்த முதல் நாள் சுளிப்பைத் தாங்கிக்கொள்ள எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. போதாததற்கு இங்கே கடற்காற்று. மீன்பெட்டி ஏற்றும் வண்டிகளில் உப்புத் தண்ணீர் தையல் துளைகளால் இறங்கும். அதையும் மேலிருந்து காண முடியாது.

தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்ட சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டார்கள் நபியவர்கள். என் பட்டறையில் இதை நிறைவேற்றுவது கஷ்டமில்லை. வெட்டிய துண்டைக் கையில் கொடுத்து, இது இவ்வளவு காலம்தான் நிற்கும் என்று சொல்லிவிடலாம். அதன் பிறகும் மலிவானதையே கேட்டால் பொறுப்பு அவருடையது. வெகுகாலம் இப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஓர் இளைஞர் தன் பல்சரைக் கொண்டுவந்தார். பின்பக்கத்தை ஒடுக்கி, மெலித்து, மேல்நோக்கிச் சாய்த்துத் தரச் சொன்னார். பந்தய வண்டியின் படமொன்றும் வைத்திருந்தார். பின்னால் இருப்பவருக்கு வசதிப்படாது என்று சொன்னேன். பரவாயில்லை என்றார். எதையும் நான் மறைக்கவில்லை. வேலையும் அழகாகவே முடிந்தது.

சில வாரங்களின் பின் புத்தளத்தில் அந்த வண்டியைக் கண்டேன். அவரது உம்மா பின்னால் ஒருக்களித்து இருந்தார். ஒரு கை மகனின் தோளில், மறு கை பின்கம்பியில். முன்னால் சரிவதும் பின்னால் தள்ளி இருப்பதுமாக ஆஸ்பத்திரி கிளினிக்குக்கு வந்திருக்கிறார். சீற் எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கு மகன், எனக்குத்தான் வயசு போயிட்டு" என்றார்.

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. என் வேலையின் குறையை அவர் தன் உடம்பின் குறையாக எடுத்துக்கொண்டார். காசு தந்தவர் சம்மதித்தார். நோவை அனுபவித்தவரிடம் எவரும் கேட்கவில்லை. நனைந்த தானியத்தை அறிந்தே ஒருவர் வாங்கிப் போனாலும், அதை உண்ணப்போவது அவர் மட்டுமா?

நண்பரொருவர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. உம்மாவைப் பேணுவது மகனின் கடமை, அதை நீ ஏன் சுமக்கிறாய் என்றார். நீ மறுத்தால் அவன் புத்தளத்தில் செய்துகொள்வான் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. என் வீட்டு அடுப்பும் எரியத்தான் வேண்டும். ஆனாலும் அந்த ஸ்பொஞ்சை வெட்டியது மகனின் கையல்ல.

இப்போது சீற்றில் கத்தி வைக்கும் முன், பின்னால் இருப்பது யார் என்று கேட்கிறேன். முடிந்தால் கூட்டிவரச் சொல்கிறேன். அந்நியப் பெண்களின் அளவை நான் எடுக்க முடியாது. என் மனைவி சோக்கட்டியோடு வந்து இருக்கவைத்துக் கோடு போட்டுத் தருவார். "பொஞ்சாதிக்கும் அளவா?" என்று சிரித்தவர்கள் உண்டு. கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிக் கொண்டுபோனவரும் உண்டு.

காசில்லாமல் மாற்றித் தருகிறேன் என்று அந்த இளைஞருக்குச் சொல்லியனுப்பினேன். இன்னும் வரவில்லை. அவருடைய சீற்றிலிருந்து வெட்டியெடுத்த துண்டை எறியாமல் வைத்திருக்கிறேன். வந்தால் அதையே திரும்ப ஒட்டலாம்.