எட்டாத நூல்கள்

உலக நாடுகள் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு நூலாகத் தேடிப் படித்து முடிப்பதென்று ஒருவர் உறுதி பூண்டால், அதனைக் கல்வி வேட்கை என்று நாம் பாராட்டுவோம். இலண்டனில் வாழ்ந்த எழுத்தாளர் ஆன் மார்கன் 2012-ஆம் ஆண்டில் அத்தகைய முயற்சியை மேற்கொண்டார். சுதந்திர நாடுகள் 196 எனக் கணக்கிட்டு, அனைத்தையும் ஆங்கில வாயிலாகவே படிக்க முனைந்தார். அவர் படித்ததைக் காட்டிலும் தேடியதே நம் சிந்தனைக்கு உரியது. பிரான்சுக்கோ ரஷ்யாவுக்கோ நூல் தேட வேண்டியதில்லை. கடைக்குச் சென்றால் போதும். சிறிய நாடுகளுக்கு வரும்போதுதான் தேடல் தொடங்குகிறது.

ஆப்பிரிக்காவின் மேற்குக் கடலில் உள்ள சாவோ தோமே - பிரின்சிப்பே என்னும் தீவு நாடு 1975-இல் போர்த்துகீசியரிடமிருந்து விடுதலை பெற்றது. அங்கே எழுத்தாளர்கள் உண்டு, நூல்களும் உண்டு. ஆயினும் ஆங்கிலத்தில் வாங்கிப் படிக்க ஒரு நூலும் மார்கனுக்கு அகப்படவில்லை. இறுதியில் ஒலிண்டா பெஜா என்னும் பெண் எழுத்தாளரின் சிறுகதைத் தொகுப்பை ஒன்பது பேர் பங்கிட்டுக்கொண்டு, ஊதியம் கருதாமல், ஆங்கிலத்தில் பெயர்த்துக் கொடுத்தனர். சரமாகோவின் நாவல்களை மொழிபெயர்த்த மார்கரெட் ஜல் கோஸ்டாவும் அவர்களுள் ஒருவர். தென் சூடானோ 2011 ஜூலையில்தான் தனி நாடானது. அந்நாட்டவரான ஜூலியா டுவானி, மார்கனுக்கென்றே ஒன்றை எழுதிக் கொடுத்தார்.

"அந்நாட்டு நூல் கிடைக்கவில்லை" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கிடைக்காமை யாருடைய குறை? கிணற்றில் நீர் இருக்கிறது. நம் கயிறு எட்டவில்லை. குட்டைக் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு கிணறு வறண்டது எனக் கூறுவதை அநீதி என்றே நாம் கருதுகிறோம்.

சோமாலியாவை எடுத்துக்கொள்வோம். அந்நாட்டு மொழிக்கு அரசு ஏற்ற எழுத்துமுறை 1972-இல்தான் வந்தது. அதற்கு முன் அங்கே இலக்கியம் இல்லை என்று கூறத் துணிவோர் உண்டு. ஆங்கிலேயரை எதிர்த்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போரிட்டு 1920-இல் மறைந்த சையித் முஹம்மது அப்துல்லாஹ் ஹஸன், பெரும் கவிஞரும் ஆவார். மனனம் செய்தோரின் நாவிலேறியே அவருடைய கவிதைகள் வறண்ட மேய்ச்சல் நிலங்களைக் கடந்து பரவின. அவற்றை எந்தக் கடையில் விலைக்கு வாங்குவது? எண்ணிக்கையை நிறைவு செய்ய விரும்பும் வாசகர், நூருத்தீன் ஃபாராஹ் ஆங்கிலத்திலேயே எழுதி 1970-இல் வெளியான நாவலை எடுத்துக்கொள்வார். மேய்ச்சல் குடும்பத்தில் பிறந்து, விரும்பாத திருமணத்திலிருந்து தப்பியோடும் ஒரு பெண்ணின் கதை அது, படிக்கத்தக்கதுதான். ஆனால் அதே ஆசிரியர் பின்னர் சோமாலி மொழியில் எழுதத் தொடங்கிய தொடர்கதை தணிக்கையால் பாதியில் நின்றுபோயிற்று. உலகுக்குக் கிடைத்தது எது, கிடைக்காமற்போனது எது என்பதை அங்கே தீர்மானித்தது இலக்கியத் தரம் அன்று.

நாட்டுக்கு ஒரு நூல் என்னும் கணக்கிலும் நமக்கு ஐயம் உண்டு. கடன் கொடுக்கல் வாங்கலுக்கே இரு சாட்சிகள் வேண்டும் என்னும் சட்டத்தை நாம் அறிவோம். ஒரு தேசத்தின் வாழ்வை ஒரே நூலின் சாட்சியத்தைக் கொண்டு அறிந்துவிட இயலுமா? இந்திய அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. எதனைத் தேர்ந்தாலும் எஞ்சிய 21 மொழிகளும் வாய்மூடி நிற்கும். தமிழ் அந்த 21-இல் ஒன்றாக நிற்க நேர்வதே பெரும்பாலும் நிகழக்கூடியது.

அதனால் இம்முயற்சி வீண் என்று நாம் சொல்லவில்லை. தேடப் புறப்பட்டவருக்கே கயிற்றின் நீளம் தெரியவருகிறது. தமிழிலேயே இதனைச் செய்ய ஒருவர் முற்பட்டால் எத்தனை நாடுகளைக் கடப்பார்? ரஷ்ய இலக்கியம் அவருக்குத் தாராளமாகக் கிடைக்கும். சோவியத் அரசு மாஸ்கோவில் தமிழ் நூல்களை அச்சிட்டு மலிவு விலையில் அனுப்பியதும் அதற்கு ஒரு காரணம். 1991-இல் அந்த அரசு மறைந்தது. நூல் வரத்தும் நின்றது. நம் அலமாரியில் எது இருக்கிறது என்பதில் நம் சுவைக்கு உள்ள பங்கு, நாம் எண்ணிக்கொள்வதைவிடச் சிறியது.

மடகாஸ்கர் 1960-இல் விடுதலை பெற்றது. அந்நாட்டு நாவல் ஒன்று முதன்முதலாக ஆங்கிலத்தில் வெளிவந்தது 2017-இல். நைவோ என்பவர் எழுதியது. அதுவும் பிரெஞ்சு மொழியில் எழுதப்பட்ட நாவலே. மலகாசி மொழியில் எழுதுவோர் அத்தனை ஆண்டுகளும் எழுதிக்கொண்டுதான் இருந்தார்கள்.