எத்தனை முகம் எங்களுக்கு?

என் அண்ணன் மகன் டிப்ளமோ முடித்தவன். 2018இல் ‘வட சென்னை’ படம் வந்த சில வாரத்தில் ஒரு கம்பெனிக்கு இண்டர்வியூ போனான். விண்ணப்பத்தில் மாதவரம் என்றிருப்பதைப் பார்த்த அதிகாரி, “படத்துல வர்ற ஏரியாவா? கத்தி கித்தி எடுப்பியா?” என்று சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறார். இவனும் சிரித்து வைத்துவிட்டு வந்தான். வேலை கிடைக்கவில்லை. ராத்திரி என்னிடம் கேட்டான்: “இன்னா சித்தப்பா, பால்பண்ணைக்குப் போறவன், கண்டெய்னர் லாரி ஓட்றவன், இவங்கல்லாம் எந்தப் படத்துல வருவாங்க?”

வெற்றிமாறன் பொய் சொல்லிவிட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தில் அன்பு ஆசைப்படுவது கேரம் ஆட. ரோடு போடுகிறோம் என்று குடியிருப்பை எடுக்க வருகிறவர்களை ராஜன் எதிர்த்து நிற்கிறான். ஆனால் அந்த அதிகாரிக்குக் கத்தி மட்டுந்தான் ஞாபகம் இருந்தது. மயிலாப்பூரை வைத்து எத்தனையோ படம் வந்தாச்சு. அதில் ஒருத்தன் அயோக்கியன் என்றால் அவன் ஒருத்தன்தான் அயோக்கியன். எங்களில் ஒருத்தன் அயோக்கியன் என்றால் ஏரியாவே கூண்டில் ஏறணும். திசையைச் சொல்லி சாதியைக் கேட்கிற பழக்கம் இது.

இது நமக்கு மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் சிக்கானோ என்று தம்மை அழைத்துக்கொண்ட மெக்சிகோ வழி வந்தவர்களுக்கும் நடந்தது. 1942இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கொலை வழக்கில் அந்த இளைஞர்களைக் கூட்டமாகப் பிடித்து விசாரித்தார்கள். அவர்கள் போட்டிருந்த தொளதொள ‘ஜூட் சூட்’ உடுப்பையே பத்திரிகைகள் ரவுடியின் அடையாளமாக்கின. 1944இல் மேல்முறையீட்டில் தண்டனை ரத்தானது. ஆனால் பேர் போகவில்லை. பண்ணைக் கூலிகளின் மகனான லூயிஸ் வால்டெஸ் அதே உடுப்பின் பெயரில் 1978இல் நாடகம் போட்டார், 1981இல் படமாக்கினார். பழியாகப் போட்ட உடுப்பை அந்தப் பிள்ளைகளின் பெருமையாகக் காட்டினார்.

இங்கே பா. இரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’ 2014இல் வந்தது. அதில் வியாசர்பாடி காளி கம்பெனி வேலைக்குப் போகிறான், ஃபுட்பால் ஆடுகிறான். தியேட்டரில் என் பக்கத்து சீட்டுக்காரர் ஹவுசிங் போர்டு மாடிப்படியைப் பார்த்து, “இது நம்ம வூடுப்பா” என்றார். காளியாக நடித்த கார்த்தி எங்க ஏரியா ஆள் இல்லை. அதனால் அந்த மனுசனின் சந்தோஷம் பொய்யாகிவிடுமா? ஆகாது. அதற்காக, எங்க பிள்ளைகளுக்குக் கூட்டத்தில் நிற்கிற வேஷந்தான் என்பதை ஒத்துக்கொள்ளவும் முடியாது.

அப்படியானால் நல்லவர்களை மட்டும் காட்டச் சொல்லலாமா? சில தோழர்கள் அப்படிச் சொல்கிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. குடிக்கிற மாமனை ஒளித்துவைத்து, படித்த மருமகனை வாசலில் நிறுத்துவது ஆதிக்க சாதிக்காரனிடம் நற்சான்றிதழ் கேட்பதுதான். நாங்கள் மனிதர்கள் என்பதற்கு நன்னடத்தை நிபந்தனையா? எங்களில் கெட்டவனும் இருப்பான். அவனுடைய கெட்டதை அவன் கணக்கில் எழுதுங்கள் என்பதே என் வழக்கு.

அதற்கு ஒரு படம் பத்தாது, பத்துப் படமும் பத்தாது. 1921இல் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தத்தின்போது புளியந்தோப்பில் ஆதிதிராவிடர் குடிசைகள் எரிந்தன. அந்தக் குடிசையில் இருந்த பெண்ணின் கதையை யார் எடுப்பது? எடுக்கிறவன் எந்த சாதியில் பிறந்தான் என்று கேட்பேன். அதோடு நிறுத்தமாட்டேன். படம் ஓடி முடிந்த பிறகு இந்தத் தெருவுக்கு வந்து, என் அண்ணன் மகன் எதிரில் உட்கார்ந்து, அவன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வானா என்றும் கேட்பேன்.