விடுதலைப் பத்திரம்

கோடை விடுமுறையில் 22 நாட்கள் ஒரு வீட்டைப் பார்த்துக்கொண்டேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, தேவனேரிப் பக்கம் இருக்கும் தோழியின் வீடு. மகளின் பிரசவத்துக்காக அவள் வெளிநாடு போயிருந்தாள். இரண்டு பூனைகளுக்குச் சாப்பாடு, செடிகளுக்குத் தண்ணீர், உப்புக்காற்றில் துரு ஏறாமல் பூட்டுகளுக்கு எண்ணெய். இவ்வளவுதான் வேலை. செங்கல்பட்டில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாக ஏறக்குறைய 30 கிலோமீட்டர். தனியாக ஒரு வீட்டில் இரவு தங்க அந்த 30 கிலோமீட்டரைக் கடப்பதற்குள் எனக்கு 46 வயதாகிவிட்டது.

முதல் இரண்டு இரவுகள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் காபி குடித்த டம்ளரை மத்தியானம் வரை கழுவாமல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. எனக்கு வேர்க்கடலையும் வாழைப்பழமும் போதுமாக இருந்தது. பூனைகளுக்காக மட்டும் அடுப்பைப் பற்றவைத்தேன். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். ஃபைபர் படகில் வருகிற நெத்திலியைக் கரையிலேயே வாங்கி வேகவைப்பேன்.

நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல் என்று இருபது வருடமாகப் பாடம் நடத்துகிறேன். கடற்கரையில் நிற்கும் பெண் யாருக்காகவோ காத்திருந்து வருந்தவேண்டும், அதுதான் இலக்கணம். தலைவியை வீட்டுக்குள் அடைத்துக் காவல் வைப்பதற்கு இற்செறிப்பு என்று ஒரு துறையே இருக்கிறது. நானோ சாயங்காலங்களில் யாருக்காகவும் காத்திராமல் மணலில் உட்கார்ந்திருந்தேன். காவலில் இருந்தவளிடமே காவல் வேலையைக் கொடுத்தால் எந்தத் துறையில் சேர்ப்பது?

ஒரு நாள் 40 ரூபாய் டிக்கெட் எடுத்து ஐந்து ரதங்களைப் பார்க்கப் போனேன். பாண்டவர் பெயரெல்லாம் பிற்காலத்தார் வைத்தது, பல்லவர்கள் அவர்களுக்காகச் செதுக்கவில்லை. திரௌபதி ரதம்தான் இருப்பதில் சிறியது. கூரை வேய்ந்த குடிசையை அப்படியே கல்லில் கொண்டுவந்திருக்கிறார்கள். உள்ளே நிற்பவள் கொற்றவை. "பொம்பளைங்கிறதால சின்னதா கட்டிட்டாங்க" என்று ஒரு வழிகாட்டி சொல்ல, கூட்டம் சிரித்தது. அருச்சுன ரதத்தோடு ஒரே மேடையில் இருக்கிறது அது. பெயர் வைத்தவர்கள் மேடையைப் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் போல. கல்லில்கூட அவளைத் தனியாக விட மனம் வரவில்லை.

யார் பெயரில் இருந்தால் என்ன, வீடு வீடுதானே என்று நானும் ஒருகாலத்தில் சொன்னவள்தான். 1989இல் தமிழ்நாட்டில் வந்த சட்டத்திருத்தம், அன்று திருமணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பூர்விகச் சொத்தில் மகன்களுக்குச் சமமான பங்கு தந்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. 1989இல் நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். எனவே எனக்குப் பங்கு உண்டு. அப்பா போன மறுவருடம் சார்பதிவாளர் அலுவலகத்தில் என் பங்கை அண்ணனுக்கு எழுதிக்கொடுத்தேன். அந்தப் பத்திரத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். சொத்திலிருந்து எனக்கா, என்னிடமிருந்து சொத்துக்கா விடுதலை என்று அன்று யோசிக்கவில்லை. அண்ணன் கெட்டவர் அல்ல. பட்டுப்புடவை எடுத்துக்கொடுத்தார். ஊரே என்னைப் பெருந்தன்மைக்காரி என்றது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கடற்கரையில் தோழியின் வீட்டுச் சாவி மடியில் கிடக்கும்போது அந்தப் பெருமைதான் உறுத்தியது. ஒருநாளும் கைக்கு வராத ஒன்றை விட்டுக்கொடுப்பது தாராளமா, வெறும் பழக்கமா? பிறந்த வீட்டுச் சாவியை நான் ஒருபோதும் வைத்திருந்ததில்லை. தட்டுவேன், யாராவது திறப்பார்கள். வேண்டாம் என்று மறுப்பதற்கான இடமே இல்லாத ஒருத்தி சரி என்று சொன்னால், அந்தச் சரிக்கு என்ன மதிப்பு? பெண்களின் தியாகத்தைப் பற்றி மேடையில் உரக்கப் பேசுகிறவள் நான். என்னுடையதை மட்டும் ஏனோ அன்பு என்ற கணக்கில் எழுதிவைத்திருக்கிறேன்.

வாசல் பெருக்க வரும் அக்கா காலையில் கரையில் மீன் விற்றுவிட்டு வருவார். தினமும் கேட்பார்: "ராத்திரி பயமா இல்லியா டீச்சர்?" சுனாமிக்குப் பிறகு கட்டிக்கொடுத்த வீட்டில் இருக்கிறார். பட்டாவில் கணவர் பெயரோடு அவர் பெயரும் இருக்கிறது.

"குடிச்சுட்டு ஒருதரம் விக்கப் பாத்தாரு. எங் கையெழுத்து இல்லாம முடியாதுன்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. நாலு நாள் அடி, உதை. போடமாட்டேன்னுட்டேன்."

அண்ணனுக்கு எழுதிக்கொடுத்த கதையை அப்போதுதான் அவரிடம் சொன்னேன். துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்று கேட்டார்.

"உங்கள யாராச்சும் அடிச்சாங்களா?"

"இல்லக்கா."

"அப்புறம் எதுக்குப் போட்டீங்க?"

அண்ணன்தானே என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் வாளியை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார்.

தோழி திரும்பிய அன்று பூட்டுக்குக் கடைசியாக ஒருமுறை எண்ணெய் விட்டு, சாவியை அவளிடம் கொடுத்தேன். செங்கல்பட்டு பஸ்ஸில் உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் செய்தேன். அந்தப் பத்திரத்தின் நகல் ஒன்று வேண்டும் என்றேன்.

"இப்ப எதுக்கும்மா அது?"

"படிச்சுப் பாக்கணும்ணா. அன்னைக்குப் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."