நோயாளியைத் தேடிச் செல்வோம்



ஹிஜ்ரி 5-ஆம் ஆண்டு நிகழ்ந்த அகழ்ப்போரில் ஸஃது இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு பாய்ந்து காயமுற்றார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் தம் பள்ளிவாசலிலேயே அவர்களுக்குக் கூடாரம் அமைக்கச் செய்தார்கள். காயம்பட்டோருக்கு மருந்திட்டு வந்த ருஃபைதா (ரலி) என்னும் அம்மையார் அவர்களைப் பராமரித்தார்கள். பெருமானாரோ காலையிலும் மாலையிலும் சென்று நலம் விசாரித்தார்கள். ஒருமுறை பார்த்ததோடு நிறுத்திக் கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அண்மையில் நாம் மேல்மலையனூர்ப் பக்கம் ஒரு கிராமத்திற்குச் சென்றிருந்தோம். மாற்றுச் சமயத்து மூதாட்டி ஒருவர். கூலி வேலை செய்பவர். இலவச மருத்துவ வண்டி வந்தபோது கிடைத்த இரத்தக்கொதிப்பு மாத்திரையின் வெற்று அட்டையை முந்தானையில் முடிந்து வைத்திருந்தார். “வண்டி மறுபடி வந்தா வாங்கிக்கலாம்னு இருக்கேன் பாய்” என்றார். வண்டி வந்துபோய் நான்கு மாதங்களாகிவிட்டன!

இரத்தக்கொதிப்பு வலித்துச் சொல்லும் நோயன்று. மாத்திரை நின்றால் ஒருநாள் பக்கவாதமாய் வந்து கையையும் காலையும் முடக்கிவிடும். தமிழகத்தில் 2009-இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் ஏழைகளின் அறுவை சிகிச்சைச் செலவுக்குக் கைகொடுத்தது. ஆயினும் அந்த நிலைக்குப் போகாமல் காப்பது அன்றாட மாத்திரையன்றோ? 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுபோனது இதனால்தான்.

நம் ஜமாஅத்துகளும் மருத்துவ முகாம் நடத்துகின்றன; அல்லாஹ் ஏற்றுக் கொள்வானாக! ஆனால், பந்தலும் பதாகையும் பிரிக்கப்பட்ட மறுநாள் அந்த நோயாளியின் நிலை என்ன? அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக விருப்பமானது, குறைவாயினும் நிலையாகச் செய்யப்படுவதே என்ற நபிமொழிக் கருத்தை நாம் அறியாதவர்களா? ஆண்டுக்கொரு முறை ஆயிரம் பேரைப் பார்ப்பதைவிட, மாதந்தோறும் தவறாமல் ஐம்பது பேரிடம் செல்வது மேலன்றோ? இயலாதெனில், அவர்களை அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அழைத்துச் சென்று பெயரைப் பதிந்து கொடுங்கள். அதற்குப் பொருள் வேண்டியதில்லை. ஒரு காலைப்பொழுது போதும்.

செலவு குறித்து ஒரு சட்டத்தையும் தெரிந்து கொள்ளுங்கள். ஜகாத் பொருளை, அதைப் பெறத் தகுதியுள்ள ஏழை முஸ்லிமின் கையில் உரிமையாக ஒப்படைக்க வேண்டும். எனவே அவருக்கு மருந்தாக வாங்கிக் கொடுக்கலாம். வண்டிக்கு டீசலாகவோ மருத்துவரின் சம்பளமாகவோ கொடுத்தால் ஜகாத் நிறைவேறாது. அவற்றுக்கு நஃபிலான ஸதகாவே உரியது. ஸதகாவுக்கு மத வரம்பும் இல்லை. தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது, பெருமானார் (ஸல்) அவர்களே அவன் வீடு தேடிச் சென்றார்களே!

ஆகவே, வீட்டிற்கொரு உண்டியல் வையுங்கள். பிள்ளைகளின் கையாலேயே காசு போடச் செய்யுங்கள். அந்த மூதாட்டி இன்னும் வண்டியை எதிர்பார்த்துத்தான் இருக்கிறார்.

தொடங்கிய நன்மையைத் தொடர்ந்து செய்யும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.