தேடிக்கொண்ட வியாதி

"நானாகத் தேடிக்கொண்டது. வந்தால் அனுபவித்துவிட்டுப் போகிறேன்" என்றார் நண்பர்.

அவருக்கு வயது 60. தினம் ஒரு பாக்கெட், அதாவது 20 சிகரெட் வீதம் 25 வருஷம் ஊதித் தள்ளிவிட்டு, 9 வருஷத்துக்கு முன்னால் ஒரே நாளில் விட்டவர். இருமல் கிடையாது, இளைப்புக் கிடையாது. நன்றாக இருக்கிற மனிதரை அமெரிக்காவிலிருந்து மகள் நச்சரிக்கிறாள்: "நுரையீரலை ஒரு தடவை ஸ்கேன் எடுத்துப் பாருங்கள், அப்பா."

அவள் வீணாகப் பயமுறுத்தவில்லை. அந்த நாட்டில் 2021-ல் திருத்தி வெளியிட்ட வைத்திய சிபாரிசு ஒன்று இருக்கிறது. வயது 50-லிருந்து 80-க்குள் இருக்க வேண்டும்; தினம் 20 சிகரெட் வீதம் 20 வருஷமாவது பிடித்திருக்க வேண்டும். (தினம் 10 வீதம் 40 வருஷம் பிடித்தாலும் கணக்கு அதேதான்.) இன்னும் பிடிக்கிறவர்களும், விட்டு 15 வருஷம் ஆகாதவர்களும் ஆண்டுக்கொரு முறை குறைந்த கதிரளவில் சி.டி. ஸ்கேன் எடுத்துக்கொள்வது நல்லது என்கிறார்கள். 53,000-க்கு மேற்பட்டவர்களை வைத்து அங்கே ஒரு பெரிய சோதனை நடந்தது. பாதிப் பேருக்குச் சாதாரண எக்ஸ்ரே. பாதிப் பேருக்கு இந்த ஸ்கேன். ஸ்கேன் எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுநோய்ச் சாவு 20 சதவிகிதம் குறைந்தது என்று 2011-ல் முடிவு வெளியாயிற்று. நுரையீரல் லேசில் முறையிடாத உறுப்பு. அது முறையிட்டு, நாம் வைத்தியரிடம் ஓடும்போது பெரும்பாலும் காலம் கடந்துவிடுகிறது. சிறு கட்டியாக இருக்கையில் கண்டுகொண்டால் அறுத்தெடுத்துவிட வழியுண்டு.

இதிலும் தொல்லை இல்லாமலில்லை. அதே சோதனையில், ஸ்கேனில் சந்தேகம் தட்டிய முடிவுகளில் 100-க்கு 96 கடைசியில் புற்றுநோயே அல்ல. ஆனால் அது தெரிகிற வரை அந்த மனிதன் தூங்கியிருப்பானா? நம் நாட்டிலோ பழைய காசநோய்த் தழும்புகள் வேறு வந்து குழப்பும். இதையெல்லாம் நிறுத்துப் பார்த்து நண்பர் வேண்டாமென்றிருந்தால் நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

அவர் நிறுத்துப் பார்க்கவில்லையே! தீர்ப்பல்லவா சொல்லிக்கொண்டார்? குற்றவாளியும் அவரே, நீதிபதியும் அவரே. சிகரெட்டைச் செய்தவன் லாபம் பார்த்தான். சர்க்கார் வரி வாங்கிற்று. சினிமாக் கதாநாயகன் புகைவிட்ட அழகுக்கு நாமெல்லாம் கை தட்டினோம். தண்டனை மட்டும் இவர் ஒருவருக்கா? அதுவும் இவரோடு நிற்குமா? ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடக்கப் போகிறவள் அவர் மனைவி. அவள் ஒரு சிகரெட்டும் பிடித்ததில்லை. (பக்கத்தில் உட்கார்ந்து 25 வருஷம் அவர் புகையைச் சுவாசித்தாள் என்பது வேறு விஷயம்.)

சர்க்கரை வியாதிக்காரரிடம், "நீர் தின்ற ஜாங்கிரிக்கு நீரே அனுபவியும்" என்று எந்த வைத்தியரும் மருந்தை மறுப்பதில்லை. புகை பிடித்தவனிடம் மட்டும் உலகம் முகத்தைச் சுளிக்கிறது. அந்தச் சுளிப்பை அவனே எடுத்துத் தன் முகத்தில் மாட்டிக்கொள்கிறான். அதற்கு வைராக்கியம் என்று பெயரும் வைத்துக்கொள்கிறான்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்கிறீர்களா? ஒரு காலத்தில் சிகரெட் இல்லாமல் எனக்கு ஒரு வரி ஓடாது. விட்டு 7 வருஷமாகிறது. "வந்தால் வரட்டும்" என்று நானும் வீரம் பேசியிருக்கிறேன். ஒரு நாள் இரவு தனியாக யோசித்தபோதுதான் தெரிந்தது: அது வீரமுமல்ல, பச்சாத்தாபமுமல்ல, அந்தப் படத்தைப் பார்க்கிற பயம்.

இதை நண்பரிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமலிருந்தார். பிறகு, "உமக்கு எப்போது ஐம்பது?" என்று கேட்டார்.

"வருகிற பங்குனியில்" என்றேன்.