மணமகன் தன் வாயால் சொல்ல வேண்டியது

முகூர்த்த நேரத்தில் மணவறையில் உட்கார்ந்திருக்கும் மணமகன் ஏராளமான வாக்கியங்களைச் சொல்கிறான். சாஸ்திரிகள் நிறுத்தும் இடத்தில் நிறுத்தி, எடுக்கும் இடத்தில் எடுத்து, துண்டு துண்டாகத் திருப்பிச் சொல்கிறான். அவற்றில் சில சங்கல்பம், சில தேவர்களை நோக்கியவை. சில மட்டும் பக்கத்தில் இருக்கும் பெண்ணைப் பார்த்து நேருக்கு நேர் சொல்லப்படுபவை. கைத்தலம் பற்றும்போது வரும் ரிக் வேத மந்திரம் அத்தகையது: நல்வாழ்வுக்காக உன் கையைப் பிடிக்கிறேன், என்னோடு முதுமை வரை வாழ்வாயாக என்பது அதன் கருத்து. சப்தபதியில் உணவுக்கு ஓர் அடி, வலிமைக்கு ஓர் அடி, நோன்புக்கு ஓர் அடி என்று எண்ணிக்கொண்டே போய், ஏழாவது முடிந்ததும் நீ எனக்குத் தோழி, உன் தோழமையிலிருந்து நான் விலகமாட்டேன் என்று சொல்வதாக வருகிறது. ஒரு மனிதன் இன்னொருவருக்குத் தரக்கூடிய வாக்குகளில் இதைவிடப் பெரியது இருக்குமா என்று தெரியவில்லை. ஆனால் சொன்னவனுக்கும் இது தெரியாது, கேட்டவளுக்கும் தெரியாது. அப்படியானால் வாக்குக் கொடுக்கப்பட்டதா, இல்லையா? மணமகன் தனக்குப் புரியும் மொழியில், தன் வாயால், பிறர் கேட்கப் பேசியாக வேண்டும் என்பதே என் கட்சி. அதை மேடை நாகரிகம் பற்றிய யோசனையாக நான் முன்வைக்கவில்லை. வாக்கு என்றால் என்ன என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் தேடினால் அங்கேதான் போய்ச் சேர வேண்டியிருக்கிறது.

மந்திரத்துக்கு ஒலிதான் உயிர், பொருள் இரண்டாம்பட்சம் என்பது முதல் மறுப்பு. இது பழைய மறுப்பு. வேதச் சொற்களுக்குப் பொருள் காணும் யாஸ்கரின் நிருக்தத்திலேயே இருக்கிறது. மந்திரங்களுக்குப் பொருளே இல்லை என்று கௌத்சர் என்பவர் வாதிட்டதாகச் சொல்லி, அதை யாஸ்கர் ஒவ்வொன்றாக மறுக்கிறார். பொருள் அறியாமல் வேதம் ஓதியவனைச் சுமை தாங்கி நிற்கும் கட்டைக்கு ஒப்பிடும் பழம் வாக்கு ஒன்றையும் எடுத்துக்காட்டுகிறார். சடங்கின் ஒவ்வோர் அசைவையும் காப்பாற்றப் பாடுபட்ட மீமாம்சகர்கள்கூட, செய்கிற செயலை அந்தக் கணத்தில் செய்பவனுக்கு நினைவூட்டுவதே மந்திரத்தின் பயன் என்றார்கள். பொருள் தெரியாதவனுக்கு ஒரு சொல் எதை நினைவூட்டும்? அதே மீமாம்சகர்கள் நினைவூட்டல் அந்த மந்திரத்தால்தான் நடக்க வேண்டும், வேறு சொல்லால் கூடாது என்றும் சொன்னார்கள்; அதை மறைக்க வேண்டியதில்லை. எனவே மந்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லும் வாதம் அல்ல இது. மந்திரம் இருக்கட்டும். அதன் பக்கத்தில் புரியும் சொல்லும் இருக்க வேண்டும் என்பது வைதிக மரபுக்கு வெளியிலிருந்து வரும் கோரிக்கை அல்ல என்பதையே காட்ட விரும்புகிறேன். மற்ற மரபுகளிலும் இதே கவலை உண்டு. இங்கிலாந்தில் வழிபாடு முழுவதும் லத்தீனில் நடந்த காலத்திலும் மணமக்களின் உறுதிமொழி மட்டும் ஆங்கிலத்தில் இருந்தது. நிக்காஹ்வில் மணமகன் சொல்லும் கபூல் சாட்சிகள் காதில் விழ வேண்டும்.

இன்னும் கூர்மையான மறுப்பு தத்துவத்திலிருந்து வருகிறது. 1955இல் ஹார்வர்டில் ஜே. எல். ஆஸ்டின் ஆற்றிய உரைகள், அவர் மறைந்த பிறகு 1962இல் நூலாக வந்தன. சில சொற்கள் எதையும் விவரிப்பதில்லை, சொல்வதாலேயே ஒரு காரியத்தைச் செய்துவிடுகின்றன என்பது அவர் கண்டது. திருமணத்தில் சொல்லும் சம்மதம் அவர் காட்டிய முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்று. வாக்கு என்பது மனத்துக்குள் நடக்கும் செயல், வாய்ச்சொல் அதன் அடையாளம் மட்டுமே என்ற எண்ணத்தை அவர் கடுமையாக எதிர்த்தார். நாக்குதான் சத்தியம் செய்தது, நெஞ்சு செய்யவில்லை என்று தப்பிக்கப் பார்ப்பவனுக்கு அது வழிவிடும் என்றார். இது சரியென்றால், உரிய இடத்தில் உரிய சொல்லைச் சொல்லிவிட்ட மணமகன் கட்டுப்பட்டவன்தானே, புரிந்ததா என்று ஏன் கேட்க வேண்டும்? ஆஸ்டின் சொன்னது உள்நோக்கம் இல்லாமல் சொன்னவனைப் பற்றி. மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் வேறொன்றைச் சொன்னவனைச் சொல் விடாது, ஏனென்றால் தான் எதைச் சொல்கிறோம் என்று அவனுக்குத் தெரியும். பொருளே தெரியாதவன் நிலை வேறு. அவனால் பொய் வாக்குக்கூடக் கொடுக்க முடியாது. அவன் செய்தது உச்சரிப்பு. பின்னாளில் அவனை நிறுத்தி, அன்று இப்படிச் சொன்னாயே என்று மனைவி கேட்கவும் வழியில்லை.

புரியாமல் சொன்ன நம் தாத்தாக்கள் ஐம்பது ஆண்டுகள் ஒழுங்காகக் குடும்பம் நடத்தவில்லையா என்று கேட்பார்கள். நடத்தினார்கள். ஆனால் அன்று எந்தச் சொல் அவர்களைக் கட்டியது என்று பார்க்க வேண்டும். நிச்சயதார்த்தத்தில் இரு வீட்டாரும் எதிரெதிரே உட்கார்ந்து, லக்னப் பத்திரிகையை உரக்க வாசித்து, தாம்பூலம் மாற்றிக்கொள்வார்கள். பெரியவர்கள் ஊர் அறியப் பேசிய பேச்சு அது. எல்லாருக்கும் புரியும் தமிழில் பேசியது. பின்னால் பையன் தவறினால் அந்தப் பெரியவர்களிடம் போய் நின்றார்கள். வாக்கு இருந்தது, கொடுத்தவர்கள் வேறு ஆட்கள். இன்று இருவரும் தாங்களே தேர்ந்துகொள்கிறார்கள், அல்லது பெரியவர்கள் பார்த்து வைத்தாலும் தாங்களே முடிவு சொல்கிறார்கள். பெங்களூரிலோ டொரன்டோவிலோ தனியாகக் குடித்தனம் வைக்கிறார்கள். தாம்பூலம் மாற்றிய மாமாவின் பேச்சு அந்த வீட்டு வாசல் வரை போவதில்லை. முடிவு தன்னுடையது என்றால் வாக்கும் தன்னுடையதாக வேண்டாமா?

பேசுவதானால் இருவரும் தனியாகப் பேசிக்கொள்ளட்டும், கூட்டம் எதற்கு என்பது அடுத்த கேள்வி. சங்கப் பாடல்கள் இந்தக் கேள்வியைத் தீர ஆராய்ந்திருக்கின்றன. குறுந்தொகையின் 25ஆம் பாட்டில் வரும் பெண்ணுக்கு அவன் அவளை மணந்த நாளில் சாட்சி யாரும் இல்லை. ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்திருந்த கொக்கு ஒன்றுதான். அவன் மறுத்தால் என்ன செய்வேன் என்பது அவள் பயம். அகநானூற்றின் 256ஆம் பாட்டில் அந்தப் பயம் நடந்தே விடுகிறது. கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணோடு கூடிவிட்டு, அவளை அறியேன் என்று சூளுரைக்கிறான். அவையத்தார் சாட்சிகளை விசாரித்து, அவனை மரக்கிளையில் இறுகக் கட்டி, தலையில் நீறு கொட்டுகிறார்கள். பொய்யும் வழுவும் தலைகாட்டிய பிறகே மணச்சடங்கு வகுக்கப்பட்டது என்று தொல்காப்பியம் காரணம் சொல்வது இந்தப் பின்னணியில்தான் விளங்குகிறது. சடங்கு பிறந்ததே சொல்லுக்குச் சாட்சி வைக்க. அந்தச் சொல் யாருக்கும் புரியாத ஒன்றாகிவிட்டால், சாட்சிகள் ஆயிரம் பேர் இருந்தும் குறுந்தொகைப் பெண்ணின் நிலைதான்.

1928இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த சுயமரியாதைத் திருமணத்தை மந்திர எதிர்ப்பாக மட்டுமே பலர் பார்க்கிறார்கள். அதன் ஆக்கப் பகுதியை நான் முக்கியமாகக் கருதுகிறேன்: இருவரும் தாங்களே வாய் திறந்து ஒப்பந்தம் சொன்னார்கள் என்பதை. இத்தகைய திருமணங்களை நீதிமன்றம் ஏற்க மறுத்த காலம் உண்டு. அண்ணா முதல்வராக இருந்தபோது, 1967இல், இந்து திருமணச் சட்டத்தில் 7-அ பிரிவு சேர்க்கப்பட்டது. இருவரும் தங்களுக்குப் புரியும் எந்த மொழியிலும் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவிக்கலாம் என்கிறது அது. புரிய வேண்டும் என்பதைச் சட்டமே எழுதிவைத்த அபூர்வமான இடம். மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும் என்றும் அதே பிரிவு சொல்கிறது; பேச இயலாதவர்களுக்கும், பேச நா எழாதவர்களுக்கும் அது நியாயமான இடம். ஊரறிய அறிவிப்பது கட்டாயமில்லை என்று 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியதையும் வரவேற்கிறேன். சாதி கடந்து மணந்து, உயிருக்கு அஞ்சி ஒளிந்திருப்பவர்களிடம் கூட்டம் கூட்டச் சொல்வது கொடுமை. அவர்களுக்குச் சாட்சி இருவர் போதும். மண்டபம் பிடித்து, ஆயிரம் பத்திரிகை அடித்து, ஊரையே அழைத்தவர்களுக்கு அந்தத் தடை எதுவும் இல்லை.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பை இதுவரை ஒத்திவைத்தேன். மூவாயிரம் ஆண்டு பழைய சொற்களின் முன், இருபத்தெட்டு வயதுப் பையன் முந்தின இரவு எழுதும் நாலு வரி என்ன பெறும்? லண்டனிலும் கனடாவிலும் தமிழர் வரவேற்புகளில் இப்போது மாப்பிள்ளை பேசுவது வழக்கமாகிவிட்டது. அந்தப் பேச்சுகள் பெரும்பாலும் வந்தவர்களுக்கு நன்றி, மணமகளின் அழகு, எப்படிச் சந்தித்தோம் என்ற கதை, என்றென்றும் காதலிப்பேன் என்ற முடிவு. இவை சப்தபதிக்கு ஈடாகா என்று சொல்பவர் சொல்வது உண்மை. குறை சொந்தச் சொல்லில் இல்லை, எதை வாக்காகத் தருகிறோம் என்பதில் இருக்கிறது. நாற்பது ஆண்டு கழித்து இதே உணர்ச்சி இருக்கும் என்று எந்த மனிதனும் உறுதி தர முடியாது. உணர்ச்சி நம் கட்டளைக்கு வருவதில்லை. செயல் வரும். சப்தபதி மந்திரங்கள் உணவையும் வலிமையையும் நோன்பையும் பேசுவதும் அதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சம்பளத்தையும் கடனையும் உன்னிடம் மறைக்க மாட்டேன், உன் பெற்றோர் படுத்தால் என் பெற்றோருக்குச் செய்வதைச் செய்வேன், உன் வேலையை நீயாக விடும் வரை நான் விடச் சொல்லமாட்டேன், கோபத்தில் கை ஓங்கமாட்டேன். இப்படி நாலு வாக்கியம் போதும். தடுமாறினாலும் தாளைப் பார்த்து வாசித்தாலும் குறைவில்லை.

இதற்கு இடமும் சடங்கிலேயே இருக்கிறது. தாலி ஏறும் கணத்தில் பேச முடியாது; கெட்டிமேளம் மற்ற எல்லா ஒலியையும் மூடத்தான் கொட்டப்படுகிறது. அதற்குப் பிறகு வருவது சப்தபதி. அந்தச் சடங்கு உள்ள திருமணங்களில் ஏழாவது அடி வைத்ததும் திருமணம் முழுமை பெறுகிறது என்று 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சொல்கிறது. ஆனால் மணமகன் குனிந்து அவள் வலக்கால் விரலைப் பிடித்து அடியெடுத்து வைக்கும்போது, அட்சதை போட்டவர்களில் பாதிப் பேர் பந்திக்குப் போய்விடுகிறார்கள். பந்தியைப் பத்து நிமிடம் தள்ளிவைக்கலாம். ஏழாவது அடி முடிந்ததும் அந்த மந்திரங்களின் பொருளை ஒருவர் தமிழில் சொல்ல, அதைத் தொடர்ந்து மணமகன் தன் வாக்கைச் சொல்லலாம். அவன் முடித்த இடத்தில் மணமகளும் தன்னுடையதைச் சொல்ல வேண்டும். ஏழடி மந்திரங்களில் பேச்சு ஏறக்குறைய முழுவதும் அவனுடையது. 7-அ பிரிவோ, சொல்வதானால் இருவரையும் சொல்லச் சொல்கிறது.