திருப்பிக் கொடுத்தலும் தானமும்: இடைக்கால ஐரோப்பிய நகரங்களில் வட்டிப் பாவம்

இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவது பாவமாகக் கருதப்பட்டது என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அந்தப் பாவத்திலிருந்து மீளும் வழி எது என்பது குறித்து 12ஆம் நூற்றாண்டு முதல் 15ஆம் நூற்றாண்டு வரை பாரிசிலும் பதுவாவிலும் புளோரன்சிலும் நடந்த விவாதம் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. வட்டி கூடுமா கூடாதா என்பதைக் காட்டிலும், வாங்கிய வட்டி யாருடைய பணம் என்பதே கடினமான கேள்வி. முடைப்பட்டவனிடம் வாங்கிய வட்டியைக் கொண்டு ஒருவர் ஆலயம் எழுப்பினால் கடவுள் அதை ஏற்பாரா, அல்லது வாங்கிய இடத்திலேயே திருப்பிக் கொடுத்த பிறகுதான் தானம் என்ற பேச்சுக்கே இடமுண்டா என்ற இந்தக் கேள்விக்கு அக்காலத் திருச்சபைச் சட்டம் ஐயத்துக்கு இடமில்லாத விடை வைத்திருந்தது. நகரங்களின் நடைமுறையோ அந்த விடையைச் சிறிது சிறிதாக வளைத்தது.

தடையின் காரணங்களை முதலில் சுருக்கமாகப் பார்க்கலாம். 1140 வாக்கில் பொலோஞ்ஞாவில் கிராசியன் தொகுத்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கொடுத்த முதலுக்கு மேல் கேட்கப்படும் எதுவும், அது காசாயினும் தானியமாயினும், வட்டியே என்று வரையறுத்தது. கைம்மாறு கருதாமல் கடன் கொடுக்கச் சொல்லும் லூக்கா நற்செய்தியின் 6ஆம் அதிகாரம் இதற்கு வேர். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குருக்களுக்காகப் பாவசங்கீர்த்தனக் கையேடு எழுதிய சோபம் தாமஸ், வட்டிக்காரன் விற்பது காலத்தை என்றும், காலம் கடவுளுக்குரியது என்றும், உழைப்பின்றி உறக்கத்திலும் ஆதாயம் தேடுகிறவன் அவன் என்றும் வாதிட்டார். அவருக்குப் பின்வந்த தாமஸ் அக்குவினாஸ் வேறொரு வழியில் சென்றார்: வீட்டை வைத்துக்கொண்டே அதன் பயனை வாடகைக்கு விடலாம், ஆனால் கோதுமையும் திராட்சை மதுவும் பயன்படுத்தும்போதே தீர்ந்துபோகின்றன, பணமும் அத்தகையதே, ஆகவே பணத்துக்கு ஒரு விலையும் அதன் பயனுக்கு இன்னொரு விலையும் கேட்பது இல்லாத ஒன்றை விற்பதாகும். பொருளியல் அறியாத காலத்தின் பேச்சு என்று பிற்கால எழுத்தாளர் பலர் இவ்வாதங்களை ஒதுக்கியுள்ளனர். அது அவசரத் தீர்ப்பு. தெற்கு பிரான்சின் நார்போன் நகரில் 1298இல் மறைந்த பிரான்சிஸ்கன் துறவி பீட்டர் ஒலிவி, வாணிகத்துக்கென ஒதுக்கப்பட்ட பணத்தில் ஆதாயத்தின் வித்து அடங்கியுள்ளது என்று எழுதினார். பணம் எப்படி வேலை செய்கிறது என்பதை அக்காலத்தவர் நன்றாகவே அறிந்திருந்தனர்.

கேள்வியின் கூர்மை தடையில் அல்ல, தடையிலிருந்து பிறந்த கடமையில் இருக்கிறது. வட்டியைத் திருட்டோடு ஒப்பவைத்த சட்டவல்லுநர்கள், திருட்டுப் பொருள் திருடனுக்கு உடைமையாகாது என்பதுபோல வட்டிப் பணமும் வாங்கியவனுக்கு உடைமையாகாது என்ற முடிவுக்கு வந்தனர். 1159 முதல் 1181 வரை திருத்தந்தையாக இருந்த மூன்றாம் அலெக்சாந்தரின் ஓர் ஆணை, வட்டிக்காரர் தாம் வாங்கியதைக் கொடுத்தவரிடமே, அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம், வாரிசுகளும் இல்லையெனில் ஏழைகளிடம் சேர்ப்பிக்க வேண்டும் என்று வரிசை வகுத்தது. இந்த வரிசையில் ஏழைகள் மூன்றாம் இடத்தில் நிற்கிறார்கள். கோயில் கட்டுவது எங்கும் இல்லை. அக்குவினாஸ் இன்னும் நுட்பமாகச் சென்று, வட்டியாக வீடோ வயலோ கைக்கு வந்திருந்தால் அதைத் திருப்புவதோடு அதுவரை அதிலிருந்து கிடைத்த வருவாயையும் திருப்பியாக வேண்டும் என்றார். மனம் வருந்துவது உள்ளத்தின் செயல் என்றாலும், இந்தப் பாவத்தைப் பொறுத்தவரை அது கணக்கேட்டைத் திறந்து பெயர் பெயராகத் தீர்க்க வேண்டிய ஒன்றாயிற்று.

இரு விடைகள் நேருக்கு நேர் மோதும் காட்சி ஒன்றை, ஐஸ்டர்பாக் மடத்துச் சிஸ்டர்சியன் துறவி சிசேரியஸ் 1220களை ஒட்டி எழுதிய உரையாடல் நூல் பாதுகாத்துள்ளது. பாரிஸ் நகரில் தியோபால்ட் என்ற பெருஞ்செல்வரான வட்டிக்காரர் மனச்சான்று உறுத்த, ஆயர் மோரிஸ் த சல்லியிடம் சென்றார். நோத்ர் தாம் பேராலயப் பணியைத் தொடங்கி அதிலேயே கருத்தாக இருந்த ஆயர், பணத்தை அந்தக் கட்டடப் பணிக்குக் கொடுத்துவிடச் சொன்னார். அறிவுரை தமக்கே ஐயமாகத் தோன்ற, தியோபால்ட் அதே பேராலயத்தின் பாடகர் குழுத் தலைவரும் புகழ்பெற்ற இறையியல் ஆசிரியருமான பீட்டரை நாடினார். பீட்டரின் அறிவுரை வேறு: நகரெங்கும் பறைசாற்றுவோனை அனுப்பி, வட்டி கொடுத்தவர் எவராயினும் வந்து திரும்பப் பெறலாம் என்று அறிவிக்க வேண்டும். தியோபால்ட் அவ்வாறே செய்தார். வந்தவர் அனைவருக்கும் கொடுத்த பிறகும் நிறைய எஞ்சியிருப்பதாக வந்து சொன்னார். இப்போது அச்சமின்றித் தானம் செய்யலாம் என்றார் பீட்டர். ஒரே பேராலயத்தைச் சேர்ந்த இருவரில் ஒருவர் வானளாவும் கட்டடத்தைக் கண்முன் வைத்திருந்தார். மற்றவர் தெருவில் அந்த அறிவிப்பைக் கேட்டுத் தயங்கித் தயங்கி வரக்கூடிய கடனாளியை நினைத்தார். ஆயரைப் பேராசைக்காரர் எனல் தகாது. கடவுளுக்குக் கொடுத்தால் எல்லாம் நேராகும் என்ற அவருடைய நம்பிக்கை உண்மையான பக்தியே. எனினும் பக்தியின் பெயரால் மனிதருக்குரியதை மனிதரிடமிருந்து விலக்கிவிடும் பிழை அதில் இருந்தது.

பொதுமக்களிடம் இந்தப் போதனை கதைகளாகவே சென்றது. ஷாக் த வித்ரி என்ற மறையுரையாளர் சொன்ன கதையில், வட்டிக்காரரின் உடலைத் திருநிலத்தில் புதைக்க நண்பர்கள் வற்புறுத்தியபோது, பங்குக் குரு உடலைக் கழுதைமேல் ஏற்றி, அது செல்லும் இடத்தில் புதைக்கலாம் என்றார். கழுதை நேரே தூக்குமரத்தடிக்குச் சென்று உடலைச் சாணத்தில் தள்ளியது. 1179ஆம் ஆண்டின் மூன்றாம் லாத்தரன் பொதுச்சங்கம், ஊரறிந்த வட்டிக்காரருக்கு நற்கருணையும் கிறிஸ்தவ அடக்கமும் கிடையாது என்று விதித்திருந்ததை இக்கதை கேட்போர் மனத்தில் ஆணி அடித்ததுபோலப் பதித்தது. சிசேரியஸ் சொல்லும் லியேஜ் நகரக் கதை இதற்கு மாறானது. அங்கே அடக்கம் மறுக்கப்பட்ட வட்டிக்காரரின் மனைவி திருத்தந்தையிடம் முறையிட்டு, கணவனும் மனைவியும் ஓருடல் என்பதால் அவருக்காகத் தானே பரிகாரம் செய்வதாக வாதாடி அனுமதி பெற்று, கல்லறையருகே குடிலமைத்து அடைபட்டு, செபத்திலும் நோன்பிலும் தானத்திலும் ஏழாண்டு கழித்தார். அப்போது கணவர் கருநிற உடையில் தோன்றி, இன்னும் ஏழாண்டு இவ்வாறு செய்தால் விடுதலை பெறுவேன் என்றார். பதினான்காம் ஆண்டின் முடிவில் வெண்ணிற உடையில் வந்து நன்றி சொன்னார். இறந்தோர் தூய்மை பெறும் இடமாகிய உத்தரிக்கிற ஸ்தலம் பற்றிய நம்பிக்கை, நரகத்துக்கே உரியவர் எனப்பட்ட வட்டிக்காரருக்கும் வாசல் திறந்ததை வரலாற்றாசிரியர் ஷாக் லெ கோஃப் இக்கதையைக் கொண்டு விளக்கினார். அந்த மனைவியின் அன்பு நெஞ்சை உருக்குவது. ஆயினும் கதையில் ஒரு பெரும் வெற்றிடம் உள்ளது: அந்தக் கணவரிடம் கடன்பட்டு நொந்தவர் ஒருவர்கூட அதில் வருவதில்லை. கணக்கு முழுவதும் கடவுளுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் இடையில் முடிந்துவிடுகிறது.

1274இல் கூடிய இரண்டாம் லியோன் பொதுச்சங்கம் பிடியை இறுக்க முயன்றது. வட்டியை முழுவதும் திருப்பிக் கொடுக்கும்வரை, அல்லது கொடுப்பதற்குத் தக்க பிணை அளிக்கும்வரை, அடக்கம் இல்லை என்றும், அத்தகையவர் உயில் எழுதும்போது சாட்சியாக நிற்கக்கூட எவரும் போகலாகாது என்றும் அது ஆணையிட்டது. சட்டத்தின் கண்டிப்பே ஒரு புழைவாயிலையும் உண்டாக்கியது. முப்பது ஆண்டு தொழில் செய்தவருக்கு வட்டி கொடுத்தோர் அனைவரும் நினைவில் இருப்பாரா? இருந்தவர் ஊர் மாறியிருக்கலாம், இறந்திருக்கலாம். அறியப்பட்ட கடன், அறியப்படாத கடன் என்று சட்டம் இருவகையாகப் பிரித்தது. அறியப்படாதது ஆயர் வழியாக ஏழைகளுக்கும் அறப்பணிகளுக்கும் சென்றது. பிரிவினை நியாயமானதே. ஆனால் ஒரு மொத்தத் தொகைக்கு ஆயரோடு உடன்படிக்கை செய்துகொண்டு கணக்கை முடிக்கும் வழக்கம் பரவியபோது, யாரைத் தேட வேண்டுமோ அவரைத் தேடும் முனைப்பு குறைந்துபோனது.

பதுவா நகரின் ஸ்குரோவேஞ்ஞி சிற்றாலயத்தில் இந்தச் சிக்கல் முழுவதும் சுவரோவியமாகவே நிற்கிறது. தாந்தே தம் நரகக் காண்டத்தின் 17ஆம் பாடலில், குடும்பச் சின்னமாகிய நீலநிறச் சினைப்பன்றி வரைந்த பையைக் கழுத்தில் தொங்கவிட்டு எரிமணலில் அமர்ந்திருப்பதாகக் காட்டும் வட்டிக்காரர் ரெஜினால்தோ ஸ்குரோவேஞ்ஞி என்றே உரையாசிரியர் கொள்வர். அவர் மகன் என்றீகோ 1300இல் பழைய உரோமானிய அரங்கம் இருந்த நிலத்தை வாங்கிச் சிற்றாலயம் கட்டி, ஜோத்தோவைக் கொண்டு ஓவியம் தீட்டுவித்து, 1305ஆம் ஆண்டு மார்ச் 25 அன்று அதை அருள்பொழிவு செய்வித்தார். தந்தையின் பாவத்துக்கான பரிகாரம் இது என்பது நெடுங்காலக் கருத்து. குடும்பத்தின் பெருமையே நோக்கம் என்போரும் உள்ளனர். பீடத்தை நோக்கிய வளைவின் ஒரு பக்கத்தில் யூதாஸ் வெள்ளிக்காசுப் பையைப் பெறுகிறான், அவன் பின்னே பேய் நிற்கிறது. எதிர்ச்சுவரின் இறுதித் தீர்ப்பில் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கிலிடப்பட்டுத் தொங்குகிறார்கள் சிலர். அதே காட்சியில், மீட்கப்பட்டோர் பக்கம், என்றீகோ மண்டியிட்டுச் சிற்றாலயத்தின் சிறுவடிவத்தைக் கையளிக்கிறார். பக்கத்து மடத்து அகுஸ்தீனார் சபைத் துறவியர் 1305 ஜனவரியில் அளித்த முறையீட்டில், சிறிய ஆலயத்துக்கே அனுமதி இருக்க, இறைபுகழைவிட ஆடம்பரத்துக்கும் வீண்பெருமைக்குமே இவ்வளவு பெரிதாகக் கட்டப்படுவதாகக் குற்றம் சாட்டினர். ஜோத்தோவின் கலை மனிதகுலத்தின் செல்வம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இராது. ஆயினும் மூன்றாம் அலெக்சாந்தரின் ஆணையை அளவுகோலாக வைத்தால், அந்தக் கையளிப்பு ஏற்கத்தக்கதா என்பது ரெஜினால்தோவிடம் கடன்பட்டோருக்கு என்ன திருப்பப்பட்டது என்பதைப் பொறுத்தது. ஓவியம் அதைச் சொல்வதில்லை.

இதே காலத்தில் யூதர்மீது நடந்த அநீதியையும் மறைக்கக் கூடாது. நிலவுடைமையும் தொழிற்சங்கங்களும் மறுக்கப்பட்டுக் கடன் தொழிலுக்குள் தள்ளப்பட்ட அவர்களைப் பாவிகள் என்று மறையுரைகள் தூற்றின. 1306இல் பிரான்சு மன்னர் நான்காம் பிலிப் அவர்களை நாட்டைவிட்டுத் துரத்தி உடைமைகளைப் பறித்தபோது, அவர்களுக்கு வரவேண்டிய கடன்களைத் தம் கருவூலத்துக்கு வசூலித்தார். திருப்பிக் கொடுத்தல் என்ற கோட்பாட்டை இதைவிடக் கொடுமையாக எவரும் அவமதித்திருக்க முடியாது.

புளோரன்சில் கேள்வி வேறு உருக்கொண்டது. போர்ச் செலவுகளுக்காக நகரம் குடிமக்களிடம் கட்டாயமாகப் பெற்ற கடன்களை 1345இல் ஒன்றுதிரட்டி, ஆண்டுக்கு 5 விழுக்காடு கொடுப்பதாகவும், அந்த உரிமைகளைப் பிறருக்கு விற்கலாம் என்றும் அரசு அறிவித்தது. கட்டாயத்தின் பேரில் கொடுத்தவர் ஈட்டுத்தொகை பெறுவது குற்றமன்று. மலிவு விலைக்கு அவ்வுரிமையை வாங்கியவர் பெறுவது என்ன? பிரான்சிஸ்கன் துறவி பிரான்செஸ்கோ த எம்போலி 1350களில் இதனை நியாயமென்றார். தொமினிக் சபையினரும் அகுஸ்தீனார் சபையினரும் மறுத்தனர். முன்பு தனி மனிதர் இருவருக்கு இடையே இருந்த கடன் இப்போது நகரத்தின் பொதுக்கணக்குக்குள் கரைந்தது. யாரிடம் திருப்புவது என்ற கேள்விக்கே பொருளில்லாமல் போயிற்று. அடுத்த நூற்றாண்டில் புளோரன்சின் வங்கியாளர் கோசிமோ த மெதிச்சி, தம் செல்வத்தின் ஒரு பகுதி நேர்வழியில் வந்ததன்று என்று வருந்தியபோது, திருத்தந்தை நான்காம் யூஜின் சான் மார்க்கோ மடத்துக்குப் பத்தாயிரம் புளோரின் செலவிடச் சொன்னதாகவும், அவர் அதைப் பன்மடங்கு மிஞ்சிச் செலவிட்டதாகவும் நூல் வணிகர் வெஸ்பாசியானோ த பிஸ்திச்சி எழுதியுள்ளார். பாரிசில் ஆயர் மோரிஸ் சொன்ன அறிவுரை இரண்டரை நூற்றாண்டுக்குப் பின் திருத்தந்தையின் வாயிலிருந்தே வந்தது.

ஏழைகளைக் காக்கும் முயற்சியாகப் பெருஜியாவில் 1462இல் பிரான்சிஸ்கன் துறவியர் அறச்சார்பு அடகுக்கடைகளைத் தொடங்கினர். நிர்வாகச் செலவுக்கு மட்டும் சிறு தொகை வாங்கிய அவற்றை, எதிர்ப்புகளைத் தள்ளி 1515இல் ஐந்தாம் லாத்தரன் பொதுச்சங்கம் ஏற்றது. வட்டியின் அளவும் நோக்கமும் பற்றிய சிந்தனைக்கு அது பெரிய முன்னேற்றம். அதற்கு முன் பெறப்பட்டது யாருக்குரியது என்பதை அது பேசவில்லை. இடைக்கால நகரங்களின் ஆலயங்களைப் பற்றி எழுதுவோர், அவற்றைக் கட்டியவரின் பக்தியைப் போற்றும்போது, அலெக்சாந்தரின் ஆணையையும் உடன் வைத்துப் படிக்க வேண்டும். அந்த ஆணையின்படி, பாரிஸ் ஆயரின் அறிவுரை தவறு, பாடகர் குழுத் தலைவர் பீட்டரின் அறிவுரையே சரி.